தமிழில் ஒரு வீடியோ கேம் பாட்காஸ்ட்: மைக் வாங்கும் முன்னிருந்து நூறாவது எபிசோட் வரை முழு வழிகாட்டி

2007 நவம்பரில் கேம் விமர்சனங்கள் வெளியிடும் கேம்ஸ்பாட் தளம் தன் ஆசிரியர் குழுவை நடத்திவந்த ஜெஃப் கெர்ஸ்ட்மனை வேலையை விட்டு நீக்கியது. அதற்குச் சில நாள் முன்புதான் ‘கேன் அண்ட் லின்ச்: டெட் மென்’ கேமுக்கு அவர் பத்துக்கு 6 மதிப்பெண் கொடுத்திருந்தார். அந்தக் கேமின் விளம்பரமோ அப்போது அந்தத் தளத்தையே போர்த்தியிருந்தது. விளம்பரதாரரின் அழுத்தம்தான் காரணம் என்பதை 2012-ல்தான் அவரால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. அதற்குள் நண்பர்களோடு 2008-ல் ஜயன்ட் பாம்ப் என்ற தளத்தையும் அதன் வாராந்திர பாட்காஸ்ட்டையும் தொடங்கிவிட்டார். அந்தத் தளம் பிற்பாடு கைமாறிக் கைமாறி, கடைசியில் 2025 மே மாதம் அங்கே வேலை செய்தவர்களே வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். 2023 நவம்பரில் எஸ்கேப்பிஸ்ட் என்ற இன்னொரு கேம் தளத்தின் தலைமை ஆசிரியரை நீக்கியபோது வீடியோ குழுவினர் வரிசையாக ராஜினாமா செய்து, செகண்ட் விண்ட் என்ற பெயரில் ரசிகர்களின் சந்தாவை நம்பிப் புதிதாக ஆரம்பித்தார்கள்.

சுயாதீன கேம் பாட்காஸ்ட் என்பது இப்படிப் பிறந்த மரபு. தமிழில் ஒன்று தொடங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் “எந்த மைக் வாங்கலாம்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மைக்குக்கு வருவோம். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: யாருடைய காசில் விளையாடப் போகிறீர்கள், உங்களால் மட்டும் சொல்ல முடிவது எது.

படி 1: காசு எங்கிருந்து வருகிறது என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள்

என் கருத்து உறுதியானது: முதல் ஓராண்டாவது கேம்களைச் சொந்தக் காசில் வாங்குங்கள். பெரிய நிறுவனங்களின் புதுக் கேம் விலை நம் ஊர்ப் பையைச் சுடும் என்பது உண்மைதான். ஆனால் பாட்காஸ்ட்டுக்குப் புதுக் கேம்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் சேலில் பாதி விலைக்கும் கீழே வரும் மூன்று வருடப் பழைய கேமைப் பற்றி நிதானமாகப் பேச ஆட்கள் குறைவு, கேட்க ஆட்கள் நிறைய. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் கீழே விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. சுயாதீனப் படைப்பாளர்கள் கேம்களை ஏற்றும் இட்ச் தளத்தில் இலவசமாகவோ, நாம் விரும்பிய தொகைக்கோ கிடைக்கும் சிறிய கேம்கள் கொட்டிக் கிடக்கின்றன.

வெளியீட்டுக்கு முன்பே இலவசப் பிரதி வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை உண்டு. 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வந்தபோது விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கிடைத்தது பிசி பிரதி மட்டுமே. வெளியீட்டுக்கு முன் சொந்தமாகப் பதிவு செய்த காட்சிகளைக் காட்டவும் தடை, நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் காட்ட முடிந்தது. பழைய பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களில் கேம் எப்படித் தடுமாறியது என்பது காசு கொடுத்து வாங்கியவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. சில நாட்களில் சோனியே தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இதற்கு நேர்மாறு 2025 செப்டம்பர் 4-ல் வந்த ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’. யாருக்குமே முன்பிரதி கிடையாது. உலகத்தின் பெரிய விமர்சகரும் மதுரையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறவரும் ஒரே நேரத்தில்தான் ஆரம்பித்தார்கள். முன்பிரதி கையில் இல்லாதது பெரிய இழப்பு ஒன்றுமில்லை.

பிறகு எப்போதாவது பிரதியோ, மைக்கோ, பயணச் செலவோ வாங்கினால், எபிசோடின் ஆரம்பத்திலேயே வாயால் சொல்லுங்கள். இந்தியாவில் 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள் வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தாலும் அதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். விவரக் குறிப்பின் அடியில் பொடி எழுத்தில் போடுவது போதாது. காதால் கேட்கிறவர் அதைப் படிக்கவே மாட்டார்.

படி 2: உங்கள் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

“கிராஃபிக்ஸ் சூப்பர், ஸ்டோரி ஓகே, கன்ட்ரோல்ஸ் கொஞ்சம் கஷ்டம், பத்துக்கு எட்டு.” இந்தப் பாணி எந்த மொழியிலும் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. ஒரு எபிசோடுக்கு ஒரே ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி கேமின் உள்ளிருந்து வர வேண்டும்.

தமிழர்களுக்கு முதல் எபிசோடுக்கு நான் சொல்லும் கேம் ‘வெண்பா’. டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. ஒரே மாலையில் முடித்துவிடலாம். 2024-ல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் முதன்மைப் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுகக் கேம் விருதும் வாங்கியது. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கும். விடுபட்ட படியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இதுதான் விளையாட்டு.

இங்கேதான் உங்களுக்கான கேள்வி இருக்கிறது. இட்லிப் பாத்திரத்தையே பார்த்திராத ஒருவருக்கு, கேமில் இட்லி செய்யும் கட்டம் ஒரு புதிர். வாரத்துக்கு நாலு நாள் இட்லித் தட்டை அடுக்குகிற வீட்டில் வளர்ந்தவருக்கு அது புதிரே இல்லை, கை தானாகப் போய்விடும். அப்படியானால் நாம் விளையாடியது அவர்கள் விளையாடிய அதே கேம்தானா? புதிர் இல்லாமல் போனபிறகு மிஞ்சியது என்ன? ஆங்கில விமர்சகர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் இந்தக் கேள்வியை அனுபவத்திலிருந்து கேட்க முடியாது. உங்களால் முடியும். இப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் நாற்பது நிமிடம் போதாது.

ஒவ்வொரு கேமிலும் தமிழ்த் தொடர்பைத் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படித் தேடினால் சீக்கிரமே வலிந்து பேசுவதாகிவிடும். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ கேமில் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்க்கிற வேலை நமக்கு. ஆளை விரைவாக அனுப்பினால்தான் அன்றைய கூலி வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தேறும். எந்த இடத்தில் நீங்கள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தித் தேதியை மட்டும் பார்க்க ஆரம்பித்தீர்கள்? அதுவும் முழு எபிசோடுக்குப் போதுமான கேள்விதான்.

படி 3: விளையாடும்போதே குறிப்பெடுங்கள்

கேமை முடித்துவிட்டு நினைவிலிருந்து பேசினால் கதைச் சுருக்கம்தான் வாயில் வரும். ஒவ்வொரு முறை கன்ட்ரோலரைக் கீழே வைத்ததும் போனில் இரண்டு நிமிட வாய்ஸ் மெமோ போடுங்கள். எங்கே எரிச்சல் வந்தது, எங்கே சிரித்தீர்கள், எதை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று. பதினைந்து மணி நேரம் கழித்து எல்லாம் புரிந்த பிறகு, அந்த முதல் மணி நேரத்துக் குழப்பம் உங்களுக்கே ஞாபகம் இருக்காது. கேட்கிறவரோ அந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறார்.

கேமின் ஒலியை எபிசோடில் பயன்படுத்த நினைத்தால், திரையையும் ஒலியையும் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருள் இலவசம். அதில் கேம் ஒலியை ஒரு ட்ராக்கிலும் உங்கள் குரலை இன்னொரு ட்ராக்கிலும் பிரித்துப் பதிவு செய்யலாம். ஃபைலை எம்கேவி வடிவத்தில் சேமியுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிவானது பிழைக்கும். சாதாரண எம்பி4 என்றால் பெரும்பாலும் மொத்தமும் போய்விடும்.

படி 4: திரையில்லாமல் கேட்கிறவருக்குக் கேமைக் காட்டுவது

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். கேம் பாட்காஸ்ட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. யூடியூபில் திரையைக் காட்டிவிட்டுப் பேசலாம். பாட்காஸ்ட்டில் கேட்கிறவர் பைக்கில் போய்க்கொண்டோ பாத்திரம் தேய்த்துக்கொண்டோ இருக்கிறார். அவருக்குத் திரை கிடையாது.

2018-ல் வந்த ‘செலஸ்ட்’ மலையேறும் கேம். அதைப் பற்றி இப்படிச் சொல்லலாம்: “பிக்சல் ஆர்ட் அருமை, பிளாட்ஃபார்மிங் ரொம்ப டைட்டா இருக்கு.” கேட்டவர் மனதில் ஒன்றும் விழாது. இன்னொரு விதமாகவும் சொல்லலாம்:

“மேடலின்னு ஒரு பொண்ணு. சிவப்பு முடி. அந்தரத்துல ஒரு தடவ டேஷ், அதாவது ஒரு திசையில சட்டுனு பாய்ச்சல், அடிச்சா முடி நீலமாயிடும். நீலமா இருக்கிற வரைக்கும் அடுத்த டேஷ் கிடையாது, கால் தரையில பட்டாத்தான் திரும்ப வரும். திரையோட மூலையில மீட்டர், கணக்குன்னு ஒண்ணுமே இல்ல. கொஞ்ச நேரம் ஆடினா நமக்கே தெரியாம அவ முடியத்தான் பாத்துட்டிருப்போம்.”

எந்தப் பட்டனை அழுத்துகிறோம், திரையில் என்ன மாறுகிறது, அதனால் நம் கவனம் எங்கே போகிறது: இந்த மூன்றும் வரிசையாக வந்தால் கேட்கிறவர் விளையாட ஆரம்பித்துவிடுவார். அதே கேமில், விளிம்பைத் தாண்டிக் கால் அந்தரத்தில் இருக்கும்போதும் சில ஃபிரேம் நேரத்துக்குத் தாவலைக் கேம் ஏற்றுக்கொள்ளும். நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நம் விரல் தாமதமானதை மன்னிக்கிற இந்தச் சலுகை திரையில் எங்கும் எழுதியில்லை, கையில்தான் தெரியும். “டைட்டா இருக்கு” என்று நாம் சொல்வதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. காரணத்தைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள். ரசிகருக்கும் விமர்சகருக்கும் நடுவில் இருப்பது இந்த ஓர் அடிதான்.

பேச்சுத் தமிழிலேயே பேசுங்கள். ‘சேவ்’, ‘பாஸ்’, ‘லெவல்’, ‘பேட்ச்’ எல்லாம் விளையாடுகிறவர்கள் வாயில் புழங்கும் சொற்கள், அவற்றை மாற்ற வேண்டாம். ‘ரோக்லைக்’, ‘மெட்ராய்ட்வேனியா’ போன்ற கேம் வகைப் பெயர்களை மட்டும் முதல் தடவை சொல்லும்போது ஒரே வரியில் விளக்கிவிட்டுப் போங்கள். உங்கள் அத்தை கேட்டாலும் பாதியில் நிறுத்தக் கூடாது.

கதையின் முக்கியத் திருப்பங்களைப் பேசுவதானால் எபிசோடை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதி எல்லோருக்கும், இரண்டாம் பாதி முடித்தவர்களுக்கு. பிரியும் நிமிடத்தை வாயாலும் சொல்லி, விவரக் குறிப்பிலும் போடுங்கள்.

படி 5: அறை, மைக், ப-கரம்

நம் வீடுகளில் பாட்காஸ்ட்டின் முதல் எதிரி சீலிங் ஃபேன். அடுத்தது மொசைக் தரையும் வெறும் சுவரும் சேர்ந்து எழுப்பும் எக்கோ. விலை உயர்ந்த மைக் இரண்டையும் இன்னும் துல்லியமாகப் பதிவு செய்யும், அவ்வளவுதான். எனவே அறைக்கு முதலில் வேலை கொடுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதைப் பார்த்தபடி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் கொடியில் ஒரு கனமான போர்வை, தரையில் ஜமுக்காளம். தெரு அடங்கிய பிறகு, ஃபேனை நிறுத்திவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒரு இடைவேளை விட்டுப் பதிவு செய்யுங்கள். சென்னை மே மாதத்தில் அதற்குமேல் யாராலும் முடியாது.

மைக்கில் கண்டென்சர், டைனமிக் என்று இரண்டு வகை. கண்டென்சர் பக்கத்துத் தெரு ஹாரனையும் பிடிக்கும். ஒலித்தடுப்பு எதுவும் செய்யாத வீட்டு அறைக்கு டைனமிக்தான் சரி. சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் போன்றவற்றில் யுஎஸ்பியும், ஸ்டுடியோ கருவிகளுக்கான எக்ஸ்எல்ஆர் இணைப்பும் இரண்டும் இருக்கும். இன்றைக்கு லேப்டாப்பில் நேராகச் செருகலாம், நாளைக்கு மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்கினாலும் அதே மைக் உதவும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி. நேருக்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து, கடைவாய்ப் பக்கமாக வையுங்கள். ‘அப்பப்பா’, ‘இப்போ’, ‘பிடிப்பு’ என்று தமிழில் ப-கரம் ஓயாமல் வரும்; ஒவ்வொரு முறையும் காற்று மைக்கில் மோதி ‘டும்’ என்று வெடிக்கும். அந்தக் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் ஒன்று மாட்டிக்கொள்வது நல்லது.

பேசும்போது லெவல் மீட்டரின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே ஆடட்டும். சிவப்பில் முட்டினால் குரல் கிழிந்து பதிவாகும், அதை எடிட்டிங்கில் ஒட்ட முடியாது.

படி 6: நண்பர் யாழ்ப்பாணத்தில், நீங்கள் கோவையில்

இருவரும் வேறு ஊரில் இருந்தால், அழைப்பை அப்படியே பதிவு செய்யாதீர்கள். நெட் தடுமாறும் ஒவ்வொரு இடத்திலும் குரல் உடையும். வாட்ஸ்அப்பிலோ கூகுள் மீட்டிலோ பேசிக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொருவரும் தம் குரலைத் தம் கணினியிலேயே தனியாகப் பதிவு செய்யட்டும். இருவருக்கும் ஹெட்போன் கட்டாயம். ஆரம்பத்தில் மூன்று எண்ணி இருவரும் ஒன்றாகக் கைதட்டினால், பிறகு இரண்டு ஃபைலையும் அந்த இடத்தில் பொருத்திவிடலாம். பதிவின் சாம்பிள் ரேட்டை இருவரும் 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரே அளவில் வையுங்கள். அப்படியும் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு கணினியின் கடிகாரமும் இம்மி இம்மியாக விலகும். அதனால் முடிக்கும்போதும் ஒரு கைதட்டல்.

விருந்தினராக ஒரு கேம் டெவலப்பர் வந்தால் பதிவு செய்ய முதலிலேயே அனுமதி கேளுங்கள். பேசப்போகும் விஷயங்களைச் சொல்லலாம், முழுக் கேள்விப் பட்டியலைக் கொடுக்க வேண்டாம். எடிட் செய்ததை வெளியிடும் முன் காட்டி ஒப்புதல் வாங்கும் வழக்கத்தை ஆரம்பிக்காதீர்கள். வயதில் பெரியவரை “அண்ணா”, “அக்கா” என்று அழைத்துக்கொண்டே கூர்மையான கேள்வி கேட்க முடியும். மரியாதை வார்த்தையில் இருக்கட்டும், கேள்வியை மழுக்க வேண்டாம்.

படி 7: எடிட்டிங்

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் போதும், இலவசம். பதிவின் தொடக்கத்தில் பத்து நொடி எல்லோரும் பேசாமல் இருங்கள். அந்த அறை ஒலியை மாதிரியாகக் கொடுத்து இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை மிதமாகப் போடலாம். அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர், பிறகு சத்தமான இடத்தையும் மெல்லிய இடத்தையும் நெருக்கமாக்கும் லேசான கம்ப்ரெஷன். ‘அது வந்து’, ‘ஆக்சுவலி’ எல்லாவற்றையும் வெட்டித் தள்ள வேண்டாம், பேச்சின் மூச்சு போய்விடும். ஒரே கருத்தை இரண்டாவது முறை சொல்லும் இடத்தைத் தேடி வெட்டுங்கள். எபிசோட் உடனே இறுகும்.

கடைசியாக ஒலி அளவு. ஆப்பிள் பரிந்துரைப்பது மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலி அளவின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல். மோனோவில் 96 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு மணி நேரம் சுமார் 43 எம்பி வரும். பேச்சுக்கு இது தாராளம், கேட்பவரின் டேட்டாவும் மிஞ்சும்.

கேமின் இசை, ஒலித் துணுக்கு விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. நீங்கள் பேச எடுத்துக்கொண்ட ஒலியைச் சில நொடி கேட்க வைத்து, உடனே அதைப் பற்றிப் பேசுவது விமர்சனம். ஒரு கேமின் பாடலை உங்கள் தொடக்க இசையாக வைத்துக்கொள்வது விமர்சனம் ஆகாது. யூடியூபில் ஏற்றினால் அங்கே உள்ள தானியங்கிச் சோதனை இந்த வித்தியாசத்தைப் பார்க்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 8: ஆர்எஸ்எஸ் உங்கள் கையில் இருக்கட்டும்

பாட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஒரு ஆர்எஸ்எஸ் முகவரி, அதாவது எபிசோடுகளின் பட்டியலை (ஃபீட்) வைத்திருக்கும் இணைய முகவரி. செயலிகள் அதைப் படித்து எபிசோடைக் காட்டுகின்றன. கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி 2024-ல் மூடப்பட்டபோது ஆர்எஸ்எஸ் வைத்திருந்த நிகழ்ச்சி எதுவும் அழியவில்லை, கேட்பவர்கள் வேறு செயலிக்குப் போனார்கள். ஒரே ஒரு தளத்துக்குள் மட்டும் ஏற்றிவைப்பது ஆபத்து.

எபிசோட் ஃபைல்களை இணையத்தில் வைத்துத் தரும் ஹோஸ்டிங் சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே கேள்வி: நாளை வேறு இடத்துக்கு மாறினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுவார்களா? இல்லையென்றால் வேண்டாம். மற்றதெல்லாம் சின்ன வேலை. படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சலுக்குள். மொழி தமிழ். பிரிவு ‘லெஷர்’, அதன் உட்பிரிவு ‘வீடியோ கேம்ஸ்’. ஃபீடில் போடும் மின்னஞ்சல் எல்லோர் கண்ணிலும் படலாம், அதற்கென்று தனி முகவரி எடுங்கள். எபிசோட் தலைப்பில் கேமின் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் சேர்த்தே போடுங்கள், தேடுகிறவர்கள் இரண்டு விதமாகவும் தேடுவார்கள்.

படி 9: தொடர்ந்து நடத்துவது

வாரா வாரம் என்று அறிவிக்காதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டு ஒரு கேமை ஒழுங்காக விளையாடி, யோசித்து, பதிவு செய்து, வெட்டி ஒட்ட இரண்டு வாரம் வேண்டும். வெளியிடும் முன் மூன்று எபிசோடாவது தயாராகக் கையில் இருக்கட்டும். காய்ச்சல், கல்யாணம், தேர்வு எது வந்தாலும் ஃபீட் நிற்காது.

எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதைவிட, எந்த நிமிடத்தில் விட்டுப் போனார்கள் என்பது பயனுள்ள கணக்கு. ஆப்பிள், ஸ்பாட்டிஃபை இரண்டுமே இதைப் படைப்பாளர் பக்கத்தில் வரைபடமாகக் காட்டுகின்றன. வளைவு சரியும் நிமிடத்தைத் திரும்பக் கேளுங்கள். முதல் இரண்டு நிமிடத்திலேயே சரிந்தால் உங்கள் அறிமுகப் பேச்சு நீளம். நடுவில் சரிந்தால் அங்கே கதைச் சுருக்கம் ஓடிக்கொண்டிருக்கும், போய்ப் பாருங்கள்.

சந்தாவோ நன்கொடையோ கேட்பதில் தயக்கம் வேண்டாம், ஆனால் ஆறு மாதம் தவறாமல் நடத்திய பிறகு கேளுங்கள். எதற்காக என்பதையும் சொல்லுங்கள்: இந்த மாதம் ஹோஸ்டிங், அடுத்த மாதம் இந்தக் கேம் என்று. கேம் நிறுவனத்தின் விளம்பரத்தை எடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் அதையும் அப்போதே அறிவித்துவிடுங்கள். கேட்பவர்களுக்கு எதற்குக் காசு தருகிறோம் என்பது புரியும்.

பதிவுகளின் மூல ஃபைல்களை அழிக்காதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ என்றால் ஒருவர் குரல் மணிக்கு 520 எம்பி அளவு வரும். ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையாமல் கணிசமாகச் சுருங்கும். ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உங்கள் இணை தொகுப்பாளரிடம். ஃபைல் பெயரில் எபிசோட் எண், கேமின் பெயர், பேசியவர் பெயர் மூன்றும் இருந்தால் நூறாவது எபிசோடில் பழைய துணுக்கு ஒன்று தேவைப்படும்போது ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.